மறு: ஆவணப்படத்தில் நடிகர் வரும் காட்சிக்கு ஒரு சொல்

குழுவினருக்கு வணக்கம்.

இழை நீண்டுவிட்டது, அதனால் முந்தைய மடல்களுக்குச் சேர்த்தே பதில் எழுதுகிறேன். புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாக: அறிவியலாளர்களின் வாழ்க்கையைச் சொல்லும் ஆவணப்படங்களுக்குத் தமிழில் வசன வரி எழுதிக்கொண்டிருக்கிறோம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டத்தான். படத்தில் ஒரு நடிகர் ஐன்ஸ்டைனாகவோ ராமானுஜனாகவோ வேடம் கட்டி வரும்போது, இது நடிப்பு என்று திரையின் மூலையில் ஒரு சொல் சொல்ல வேண்டும். நம் ஊர்த் தொலைக்காட்சியில் குற்றச் சம்பவங்களைக் காட்டும்போது மலாயில் 'லாக்கோனான் செமுலா' (மீண்டும் நடித்துக் காட்டுவது) என்று எழுத்து வருமே, அந்த இடத்துக்கான சொல்.

ஆவணப்படமா, விவரணப்படமா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.

> நடிகரை வைத்து எடுத்தால் அது ஆவணப்படமே இல்லை. பிறகு எதற்குப் பெயர்?

ஐயா, இந்தக் கோட்டை அவ்வளவு கறாராகப் போட்டால் முதல் வரிசையிலேயே பலர் வெளியே நிற்பார்கள். திரைப்பட விமர்சகர் ஜான் கிரியர்சன் 1926இல் 'டாகுமென்டரி' என்ற சொல்லை ஒரு படத்துக்குப் பொருத்தி எழுதினார். அந்தப் படத்தை எடுத்தவர் அமெரிக்க இயக்குநர் ஃபிளாஹர்ட்டி. அவருடைய 1922ஆம் ஆண்டுப் படத்தில், வடதுருவப் பகுதியின் இனூயிட் மக்களைப் பற்றியது, பனிவீட்டுக்குள் கேமராவுக்கு வெளிச்சம் போதாது என்று பாதி திறந்த வீட்டைக் கட்டித்தான் எடுத்தார்கள். அதில் வரும் நாயகனின் உண்மைப் பெயர்கூட வேறு. ஆக, நடிப்பு ஆரம்பத்திலிருந்தே உள்ளே இருக்கிறது. நாம் கேட்பது பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிவிட வேண்டும் என்பது மட்டும்தான்.

> மறுநடிப்பு என்றே வைக்கலாமே. மலாய்ச் சொல்லுக்கு அப்படியே பொருந்துகிறது.

பொருந்துகிறது. ஆனால் மறுபதிப்பு என்றால் முன்பு ஒரு பதிப்பு இருந்தது, மறுமணம் என்றால் முன்பு ஒரு மணம் நடந்தது. மறுநடிப்பு என்றால் முன்பு யாரோ நடித்திருக்க வேண்டும். ராமானுஜன் நடிக்கவில்லையே, வாழ்ந்தார். அந்தச் சொல்லை ரீமேக் படங்களுக்கு எடுத்து வைப்போம், அங்கே நன்றாக உட்காரும்.

> மீட்டுருவாக்கம். தொல்லியலில் ஏற்கெனவே புழங்குகிறது.

இதுதான் பலருக்குப் பிடித்திருக்கிறது. எனக்கு இதில்தான் பயம் அதிகம். மீட்பது என்றால் தொலைந்த பொருளே திரும்பக் கையில் கிடைத்தது என்று ஆகிவிடும். காட்சிக்கு அத்தனை நம்பிக்கையைக் கொடுக்கலாமா?

நம் பினாங்குக்காரரையே எடுத்துக்கொள்வோம். வூ லியன் தே, 1879இல் அங்கே பிறந்து, பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்து, கேம்பிரிட்ஜ் போய் மருத்துவரானவர். 1910 டிசம்பரில் வடகிழக்குச் சீனாவில் மஞ்சூரியாவின் ஹார்பின் நகருக்குப் போனபோது நுரையீரல் பிளேக் பரவிக்கொண்டிருந்தது. எலியும் தெள்ளுப்பூச்சியும் மட்டுமல்ல, மனிதரின் மூச்சிலிருந்தே இது தொற்றுகிறது என்றார். பஞ்சும் மெல்லிய துணியும் வைத்துத் தைத்த முகக்கவசத்தை எல்லாரையும் போடச் சொன்னார். மெஸ்னி என்ற பிரெஞ்சு மருத்துவர் அதை ஏற்காமல் அவரைச் சிறுமைப்படுத்திப் பேசினார், முகக்கவசம் இல்லாமல் நோயாளிகளைப் பார்த்தார், சில நாளில் அதே நோயில் இறந்தார். அந்தக் கொள்ளைநோயில் மொத்தம் சுமார் 60,000 பேர் போனார்கள்.

வூவின் கதையைப் படமெடுக்கும் யாருக்கும் அந்த இரண்டு மருத்துவர்கள் ஓர் அறைக்குள் மோதிக்கொண்ட காட்சியை விட மனசு வராது. ஆனால் அந்த அறையில் கேமரா இல்லை. பேச்சு நமக்குத் தெரிவது வூ தன் கடைசிக் காலத்தில், 1959இல் வெளியான தன்வரலாற்றில் எழுதியதால். மெஸ்னி தன் பக்கத்தைச் சொல்ல உயிரோடு இல்லை. வூ பொய் சொன்னார் என்று நான் சொல்லவே இல்லை. ஏறக்குறைய ஐம்பது வருடம் கழித்து ஒரு தரப்பு நினைவிலிருந்து எழுதியதை, நடிகர் ஒருவர் குரலை உயர்த்தி, மேசையைத் தட்டிப் பேசும்போது, மூலையில் 'மீட்டுருவாக்கம்' என்று போட்டால் பிள்ளை என்ன நினைக்கும்? அப்படியேதான் நடந்தது என்று.

> அப்படியானால் புனைகாட்சி என்று நேரடியாகச் சொல்லிவிடுங்கள்.

இது எதிர்ப்பக்கம் சாய்கிறது. 1935 ஜனவரியில் லண்டன் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் புகழ்பெற்ற வானியலாளர் எடிங்டன் நம் இயற்பியலாளர் சந்திரசேகரை ஏளனம் செய்த கதை தெரியும். சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு நிறைக்கு மேல் ஒரு வெண்குறுமீன் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்) நிலைக்காது என்று இருபத்து நான்கு வயதுப் பையன் சொன்னான். ஒரு விண்மீன் இப்படி அபத்தமாக நடந்துகொள்ளாமல் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருக்க வேண்டும் என்றார் பெரியவர். அந்த வாக்கியம் கூட்ட அறிக்கையில் அச்சாகியே இருக்கிறது. நடிகர் அதை எழுத்து மாறாமல் பேசினால் அது புனைவா? 2024இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ஐன்ஸ்டைன் படத்திலும் நடிகர் பேசுவதெல்லாம் ஐன்ஸ்டைன் சொன்னதோ எழுதியதோதான் என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுகிறார்கள். முகம் நடிகருடையது, வார்த்தை அவருடையது.

மறுகோடியில் 1941இல் கோபன்ஹேகனில் இயற்பியலாளர்கள் ஹைசன்பர்க்கும் நீல்ஸ் போரும் (Bohr) தனியாகப் பேசியது. இருவர் நினைவுமே ஒத்துப்போகவில்லை. நீல்ஸ் போர் எழுதி அனுப்பாமலே வைத்திருந்த கடித வரைவுகள் 2002இல் வெளியான பிறகும் விவாதம் ஓயவில்லை. அதைக் காட்டுகிறவர் உரையாடலைக் கற்பனை செய்துதான் ஆக வேண்டும்.

எனவே நமக்கு வேண்டிய சொல், அச்சில் இருப்பது, ஒருவர் நினைவில் இருந்தது, யாருக்கும் தெரியாதது ஆகிய மூன்றுக்கும் பொதுவாக நிற்க வேண்டும். உண்மை என்றும் சொல்லக் கூடாது, பொய் என்றும் சொல்லக் கூடாது. நடிகர் நடிக்கிறார், அவ்வளவுதான்.

என் முன்மொழிவு: நடிகாட்சி. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. நடித்த காட்சி, நடிக்கிற காட்சி, நடிக்கும் காட்சி எல்லாம் அதில் அடங்கும். நடுவில் 'க்' போடாதீர்கள், வினைத்தொகையில் வல்லினம் மிகாது. திரை மூலையில் அடக்கமாக நிற்கும் அளவுக்குச் சிறியது. கேமராவில் உண்மையாகவே பதிவானதற்குப் பதிவுக்காட்சி என்று வைத்தால் இரண்டும் ஜோடியாகப் புழங்கும். இயற்பியலாளர் ஃபெயின்மன் 1981இல் பிபிசிக்காக நாற்காலியில் உட்கார்ந்து பேசியது முழுக்கப் பதிவுக்காட்சி. அதை எடுத்த அதே இயக்குநர் 1987இல் ராமானுஜன் படம் எடுத்தபோது, ராமானுஜன் இறந்து 67 வருடம் ஆகியிருந்தது, நிழற்படங்களே விரல்விட்டு எண்ணும் அளவுதான். இந்த இடைவெளியில்தான் நம் சொல்லுக்கு வேலை.

அப்புறம் இன்னொன்று. கடிதத்தை நடிகர் பின்னணியில் படிக்கும்போது அதற்கு 'நடிகுரல்'. இயந்திரமே இறந்தவர் குரலில் பேசத் தொடங்கிவிட்ட காலத்தில் இதுவும் தேவைப்படும்.

கோலாலம்பூரிலிருந்து.

---

பினாங்கிலிருந்து:

தம்பி, விளக்கம் எல்லாம் சரி. ஆனால் 'நடிகாட்சி' என்று பார்த்ததும் என் கண் அதை நடிகர் ஆட்சி என்று படித்தது. தமிழ்நாட்டு நண்பர்கள் சிரித்துவிட்டுத் தேர்தலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். மேலும் நான்காம் ஆண்டுப் பிள்ளைக்கு வினைத்தொகை தெரியாது. அந்த வகுப்புகளுக்கு 'நடித்த காட்சி' என்று பிரித்தே போடுங்கள். மறுநடிப்பை விட்டது நல்லது. மீட்டுருவாக்கத்துக்கு நான் வாக்களித்திருந்தேன், மெஸ்னி காட்சியைப் படித்த பிறகு அந்த வாக்கைத் திரும்பப் பெறுகிறேன்.

---

அக்கா, அது நடிகராட்சி என்றுதான் புணரும். ஆனாலும் கண்ணுக்கு இலக்கணம் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். சின்ன வகுப்புப் படங்களுக்கு நீங்கள் சொன்னபடி 'நடித்த காட்சி', இடைநிலைப் பள்ளிக்கும் சொற்பட்டியலுக்கும் 'நடிகாட்சி'. இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான் என்பதால் பிள்ளை பெரியதானதும் குழப்பம் வராது.

எதிர்ப்பு இருப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போட வேண்டாம், அங்கே காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் காணாமல் போய்விடும். அடுத்து ராமானுஜன் படம். அதில் ராமானுஜனோடு பணியாற்றிய கணிதவியலாளர் ஹார்டி 1729 என்ற டாக்சி எண்ணைச் சொல்லும் மருத்துவமனைக் காட்சி வருகிறது. அந்தக் கதையைச் சொன்னவர் ஹார்டி ஒருவரே. அங்கே மூலைச் சொல்லோடு 'ஹார்டி எழுதியபடி' என்ற வரியையும் சேர்க்கலாமா என்று பார்த்துச் சொல்லுங்கள்.