ஈசூன் காற்பந்துப் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்றுவிப்பாளர் தேவை

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் உயர்நிலை ஒன்று, இரண்டு படிக்கும் 14 பிள்ளைகளுக்குக் காற்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். பள்ளி இணைப்பாட நடவடிக்கையில் காற்பந்து அணிக்குத் தேர்வாகாத பிள்ளைகள்தான் பெரும்பாலும். முதல் மாதம் ஒருவரோடு ஒருவர் பேசக்கூட மாட்டார்கள். இப்போது ஒருவன் வராவிட்டால் மற்றவர்கள் அவன் புளோக்குக்கே போய் அழைத்து வருகிறார்கள்! அதைப் பார்த்த பிறகு இதை நிறுத்த மனம் வரவில்லை.

இந்த மாதம் ஐந்து பெண் பிள்ளைகளும் சேர்ந்திருக்கிறார்கள். அக்காமார் யாராவது பயிற்சி தர முன்வந்தால் அவர்கள் கூச்சமில்லாமல் விளையாடுவார்கள். பெரிய ஆட்டக்காரராக இருக்க வேண்டியதில்லை, பொறுமை இருந்தால் போதும்.

அப்புறம் இடம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளின் கீழ்த்தளத்தில் பந்து விளையாடக் கூடாது, மழை வந்தால் தெருக் காற்பந்துத் திடலும் கிடையாது. பள்ளி நேரம் முடிந்ததும் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் பள்ளி உள்ளரங்கை ஆக்டிவ்எஸ்ஜி (விளையாட்டு இடங்களைப் பதிவு செய்யும் அரசாங்கத் தளம்) வழியாகத் தொடர்ந்து பதிவு செய்த அனுபவம் உங்களில் யாருக்காவது உண்டா? வார இறுதி இடங்கள் சட்டென்று தீர்ந்துவிடுகின்றன.

பிள்ளைகளுக்குச் சிறிதாகிப்போன காலணிகள் வீட்டில் இருந்தாலும் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.