அம்மாவுக்கு 60 ஆகப் போகிறது, ஓய்வூதியம் எப்போது வரும்?

திரியோலே மகள்:
2025 ஜூன் பட்ஜெட்டில் இங்கே மொரிஷியசில் முதியோர் ஓய்வூதிய வயதை 60இலிருந்து படிப்படியாக 65 ஆக்குகிறோம் என்றுவிட்டார்கள். அம்மாவுக்கு டிசம்பரில்தான் 60. பதினாறு வயதில் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர். கரும்பின் சோகை இலை கீறிக் கீறி உள்ளங்கை முழுக்க வெள்ளைக் கோடுகள். சோறு பிசையும்போது இரண்டு விரல் மடங்குவதில்லை. அந்தப் பணத்தை நம்பித்தான் வேலையை விட நினைத்தார். நாற்காலியில் உட்கார்ந்து உழைத்தவருக்கும் அவருக்கும் ஒரே வயதுக் கணக்கா? என்ன செய்யலாம்?

போர்ட் லூயி தம்பி:
அக்கா, அரசின் கடன் சுமை பெரியது, முதியோரும் கூடிவிட்டார்கள், அது பொய் இல்லை. ஆனால் 1958இல் வருமானம் பார்க்காமல் எல்லோருக்கும் கொடுக்கத் தொடங்கிய பணம் இது. வெட்டுவதென்றால் வசதியானவர்களிடம் தொடங்கியிருக்க வேண்டும்.

ரோஸ்ஹில் வாசி:
எதிர்ப்புக் கிளம்பிய பிறகு வருமானம் குறைந்தவர்களுக்குத் தனி உதவித்தொகை என்றார்களே, சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் விசாரியுங்கள். அப்புறம், 60 சதவீத இயலாமை என்று மருத்துவக் குழு ஏற்றால் அதற்கென ஓய்வூதியம் இருக்கிறது. டிசம்பருக்கு முன்பே மனு கொடுத்துவிடுங்கள்.

திரியோலே மகள்:
சரி, திங்கட்கிழமையே போகிறோம். அந்தக் கையை யாரிடமும் நீட்டிக் காட்ட அம்மாவுக்குத்தான் கூச்சமாக இருக்கிறதாம்.