வெள்ளாற்றில் சொந்தக் கயாக் ஓட்ட வழி சொல்லுங்கள்

படகு ஓட்டும் நண்பர்களுக்கு வணக்கம். காற்றடைத்து ஓட்டும் இருவர் கயாக் (குறுகலான சிறு துடுப்புப் படகு) ஒன்றை இரண்டு மாதங்களுக்கு முன் வாங்கினேன். வீடு சிதம்பரத்தில். பிச்சாவரத்தில் வாடகைத் துடுப்புப் படகில் பலமுறை போயிருக்கிறேன். ஆனால் படகுக்காரர் துடுப்புப் போட, நாம் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குப் போதவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பரங்கிப்பேட்டைக்கு மேற்கே வெள்ளாற்றில் இறங்கினேன். போகும்போது சுகம். திரும்பும்போது ஓதம் (கடல்நீரின் ஏற்றம்) வற்றிவிட்டது. முழங்கால் அளவு சேற்றில் கயாக்கை இழுத்து வந்தேன். கிளிஞ்சல் கீறிய காலுக்கு இன்னும் மருந்து போடுகிறேன். அன்று அமாவாசை, ஓதத்தின் ஏற்ற இறக்கம் அதிகமாக இருக்கும் என்பது கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்ன பிறகுதான் உறைத்தது.

இப்போது என் சந்தேகங்கள். பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டு வாய்க்கால்களுக்குள் சொந்தக் கயாக்கில் போக வனத்துறை அனுமதி தருமா, யாரிடம் கேட்பது? கிள்ளைப் பக்கம் சேறில்லாமல் இறங்கும் துறை உண்டா? முகத்துவாரத்தில் ஓதம் ஏறும் நேரத்துக்கும் உள்ளே வாய்க்காலில் நீர் உயரும் நேரத்துக்கும் எவ்வளவு இடைவெளி? பிற்பகல் கடல்காற்றை எதிர்த்துத் துடுப்புப் போட்ட அனுபவம் இருந்தால் அதையும் எழுதுங்கள்.

பதினொரு வயது மகளும் வருவாள். அவள் அளவுக்கு உயிர்காப்பு அங்கி பக்கத்தில் எங்கே கிடைக்கும்? வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் ஒருமுறையாவது போய்விட வேண்டும்.