லொரென்சோஸ் ஆயில்: நடிப்பில் யார் ஒரு படி மேல்?

கேள்வி:
மூளை நரம்புகளின் உறையைச் சிதைக்கும் ஏஎல்டி என்னும் பரம்பரை நோய்க்கு ஆளான மகனுக்காகப் போராடிய ஒடோன் தம்பதியின் உண்மைக் கதையை ஜார்ஜ் மில்லர் 1992இல் ‘லொரென்சோஸ் ஆயில்’ என்ற பெயரில் படமாக்கினார். நிக் நோல்டி, சூசன் சரண்டன் இருவரில் யாருடைய நடிப்பு உங்களுக்கு மேலாகத் தோன்றியது?

மறுமொழி 1:
ஐயமின்றிச் சரண்டன்தான். மகனைக் கவனிக்க வரும் செவிலியரிடமே சீறி விழும் அந்தத் தாயின் பிடிவாதத்தை, பார்ப்பவர்களின் அனுதாபத்துக்காக அவர் எங்குமே மழுப்பவில்லை. ஆஸ்கார் பரிந்துரை கிடைத்தது நியாயமே.

மறுமொழி 2:
நோல்டியின் இத்தாலிய உச்சரிப்பு எனக்குச் சற்று உறுத்தியது. ஆயினும், இந்த நோயோடு தொடர்புடைய கொழுப்பு அமிலச் சங்கிலிகளைப் பேப்பர் கிளிப்புகளாகக் கோத்து விளங்கிக்கொள்ளும் காட்சியில், ஒரு தந்தையின் பரிதவிப்பு ஆராய்ச்சியாக மாறுவதை அவர் உடல்மொழியிலேயே உணர்த்திவிடுகிறார்.

மறுமொழி 3:
மில்லர் மருத்துவம் படித்தவர். நோயின் கொடுமையை அவர் மூடி மறைக்காததே இருவருக்கும் அரிய வாய்ப்பானது. மகனுக்காகப் பெற்றோர் உருவாக்கிய, படத்தின் பெயரிலுள்ள அந்த எண்ணெய் நோயைக் குணப்படுத்தும் மருந்தல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும்.