முதுகு ஆறிய பிறகும் தலையைக் கவனியுங்கள்

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தாய்:

என் மகள் பிறந்தபோதே முதுகின் அடிப்பகுதியில் மெல்லிய சவ்வு மட்டும் மூடிய நீர்க்கட்டி இருந்தது. ஸ்பைனா பைஃபிடா, அதாவது கருவில் முதுகெலும்பு முழுதாக மூடாத குறைபாடு. அறுவை செய்து மூடினார்கள். தையல் ஆறியதும், "கண்டம் தப்பியது" என்றார்கள் உறவினர்கள். மூளையிலும் கோளாறு உண்டு என்பதை மருத்துவர்தான் படம் வரைந்து விளக்கினார். முதுகு திறந்திருப்பதால் தண்டுவட நீர் கருவிலேயே கசிந்துவிடுகிறது. பின்மண்டை போதிய அளவு விரிவதில்லை. இடமில்லாமல் சிறுமூளையின் அடிப்பகுதியும் மூளைத்தண்டும் கழுத்துக்குள் இறங்குகின்றன. இதற்கு இரண்டாம் வகை சியாரி குறைபாடு என்று பெயர். திறந்த கட்டியோடு பிறக்கும் குழந்தைகளில் அநேகமாக எல்லோருக்கும் இது இருக்கும். தொல்லை தருவது சிலருக்குத்தான். ஆனால் பெரும்பாலோருக்குத் தலையில் நீர் கோத்துக்கொள்கிறது.

இவளுக்கும் கோத்தது. அழாத நேரத்திலும் உச்சிக்குழி விம்மி நின்றது. கருவிழிகள் கீழே இறங்கி, மேலே வெள்ளை மட்டும் தெரிந்தது. "பிள்ளை ஏன் தரையையே பார்க்கிறது?" என்று என் ஆச்சி கேட்டார்கள். அன்றே தூக்கிக்கொண்டு ஓடினோம். தேங்கும் நீர் வடிய, மூளையிலிருந்து வயிற்றுக்கு ஷன்ட் என்ற குழாயைப் பொருத்தினார்கள். காதுக்குப் பின்னால் தடவினால் வால்வு இன்றும் விரலில் தட்டுப்படும்.

இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். கதை சொல்லச் சொன்னால் மூச்சுவிடாமல் சொல்வாள். கழித்தல் கணக்கு மட்டும் ஏறுவதில்லை. மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக்கற்றை இவளுக்கு முழுதாக உருவாகவில்லை. இதைச் சோம்பல் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது.

பாளையங்கோட்டையிலிருந்து ஓய்வுபெற்ற செவிலியர்:

உங்கள் ஆச்சி நன்றாக இருக்கட்டும், தங்கச்சி. பால் குடிக்கும்போது அடிக்கடி புரையேறுவது, மூச்சை இழுக்கையில் கீச்சென்ற சத்தம், அழுகுரல் மெலிவது ஆகியவையும் ஆபத்தான அறிகுறிகள். மூளைத்தண்டு நெருக்கப்படுகிறது என்று பொருள். முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு குழந்தையைக் கொண்டுவந்தார்கள். பாலாடையில் புகட்டிய பால் மூக்கு வழியாக வந்தது. சளி என்று வீட்டில் கஷாயம் கொடுத்திருந்தார்கள். மருத்துவர் முதலில் ஷன்டைத்தான் சோதித்தார்; அது அடைபட்டிருந்தது. மாற்றிய பிறகு சத்தம் அடங்கியது. பெரிய பிள்ளைகளுக்கு வாந்தி, தலைவலி, ஓயாத தூக்கம் வந்தாலும் குழாயைச் சந்தேகியுங்கள்.

சுரண்டையிலிருந்து ஒரு தாய்:

கிரகணத்தன்று நான் வெளியே வந்ததால்தான் மூத்தவனுக்கு இப்படி ஆனது என்றார்கள். பின்னால் மூளையும் தண்டுவடமுமாக வளரும் நரம்புக் குழாய், கரு உருவான 28 நாட்களுக்குள் மூடிவிட வேண்டுமாம். பீடித்தட்டோடு உட்கார்ந்திருந்த எனக்கு, உண்டாகியிருப்பதே அப்போது தெரியாது. அதனால் அடுத்த குழந்தைக்கு, கருத்தரிக்கும் முன்பே ஃபோலிக் அமில மாத்திரை எடுத்தேன். மற்றவர்களுக்குப் பொதுவாக நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் போதும். முன்பே இப்படி ஒரு பிள்ளை பிறந்திருப்பதால் எனக்கு 5 மில்லிகிராம் எழுதினார்கள். ஐந்தாம் மாத ஸ்கேனில் முதுகோடு நிறுத்தாமல், நெற்றி எலும்பு ஒடுங்கியிருக்கிறதா, சிறுமூளை வாழைப்பழம்போல் வளைந்திருக்கிறதா என்று தலையையும் பார்த்தார்கள். இரண்டும் இல்லை. சின்னவள் இப்போது தவழ்கிறாள்.