புதுப்பிப்பு: கோழித் தண்ணீரில் மொய்க்கும் தேனீக்கள்

வெயில் ஏறினால் கோழிகளின் தண்ணீர்த் தட்டைத் தேனீக்கள் மொய்க்கின்றன, கோழிகள் கிட்டப் போகவே பயப்படுகின்றன என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது தொல்லை இல்லை.

தட்டுக்குப் பதில், கோழி அலகால் தொட்டால் மட்டும் தண்ணீர் விடும் நிப்பிள் குழாய் மாட்டியது பாதி வேலைதான். ஒரு தண்ணீரைப் பழகிய தேனீ லேசில் விடாது. மாற்று இடம் முதலில் தயாராக வேண்டும். வெயில் படும் இடத்தில் அகலமான மண்சட்டி, நிறையக் கூழாங்கல், கல்லின் தலை மூழ்காத அளவு தண்ணீர், லிட்டருக்கு ஒரு சிட்டிகை உப்பு. கோழி கிளறாமலிருக்கச் சுற்றி வலை. சட்டி காய்ந்தால் தேனீ பழைய இடத்துக்கே வந்துவிடும். நிப்பிள் சொட்டினாலும் அப்படித்தான், வாஷரைப் பாருங்கள்.

மகரந்தம் குறைந்த காலத்தில் மக்காச்சோள மாவுத் தீவனத்துக்கும் தேனீ வரும். மாவைப் பிடித்தால் உதிராத பதத்தில் பிசைந்து, உடனே தின்று தீர்க்கும் அளவே வைத்தால் போதும்.

எறும்புக்காகத் தேன்பெட்டிக் கால்களுக்குக் கீழே வைக்கும் கிண்ணத்தில் கழிவு ஆயில் ஊற்றவே கூடாது. கோழி அதில் அலகை வைக்கும். வெறும் தண்ணீர் போதும், தினமும் மாற்றுங்கள்.

கோழிக் கூண்டில் பேன் மருந்து அடிப்பதானால் தேனீக்கள் பெட்டிக்குள் அடைந்தபின், இருட்டிய பிறகு மட்டும்.