ஆனையிறவு 2000: தரையிறக்கமா, தண்ணீரா?

மணற்குன்று (கிளிநொச்சி)

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வாசலான ஆனையிறவு இராணுவ முகாம் 2000இல் விழுந்ததைப் பற்றி, நேற்று மாலை பரந்தன் சந்தித் தேநீர்க் கடையில் கேட்ட பேச்சு இது: "ஆனையிறவை ஒருவரும் பிடிக்கவில்லை. குடிக்கத் தண்ணீர் இல்லாமல் அவர்களாகவே எழும்பிப் போனார்கள்." சொன்னவர் என்னைவிட மூத்தவர், ஆகவே அங்கே வாயை மூடிக்கொண்டு தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன். இங்கே மூடப் போவதில்லை.

1991 ஜூலை 10ஆம் திகதி விடுதலைப் புலிகள் இயக்கம் அதே முகாமை நேருக்கு நேர் தாக்கியது. உப்பளத்து வெளியில் ஒரு பற்றை கூடக் கிடையாது. இரும்புத் தகடு அடித்த புல்டோசரை முன்னே விட்டு, பின்னால் ஆட்கள் போனார்கள். முகாம் விழவில்லை. இராணுவம் வெற்றிலைக்கேணிக் கரையில் இறங்கி, சுமார் 12 கிலோமீட்டர் தூரத்தை இரண்டு வாரத்துக்கு மேல் சண்டையிட்டுக் கடந்து, முகாமை முற்றுகையிலிருந்து மீட்டது. டென்சில் கொப்பேகடுவ நடத்திய அந்தத் தரையிறக்கத்தை யாரும் குறைத்துப் பேச முடியாது. முகாமில் இருந்தவர்களுக்குக் கடல் வழியாக உயிர் வந்தது.

ஒன்பது வருடம் கழித்து, 2000 மார்ச் 26 இரவு, அதே கரையில் வெற்றிலைக்கேணிக்கு வடமேற்கே குடாரப்பில் இயக்கம் இறங்கியது. ஏறக்குறைய 1,200 பேர், தளபதி பால்ராஜ். முகாமின் பக்கமே அவர்கள் திரும்பவில்லை. அதன் முதுகுக்குப் பின்னால் போய், பளைக்கு வடக்கே இத்தாவிலில், முகாமுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலான ஏ9 வீதியின் மேல் உட்கார்ந்தார்கள். பின்னால் கடல், இரு பக்கமும் இராணுவம். அப்படியே ஏறக்குறைய நாலு வாரம். ஏப்ரல் 22ஆம் திகதி ஆனையிறவு கைமாறியது.

எதிரி 1991இல் காட்டிய வித்தையைப் படித்து, அதைத் தலைகீழாகத் திருப்பி அவனிடமே செய்து காட்டியதற்குப் பெயர் தாகமா?


பழைய ஏ9 (வவுனியா)

தம்பி, அந்தக் கடைக்காரக் கிழவர் நான் அல்ல. ஆனால் நானும் அதைத்தான் சொல்வேன்.

முப்பது வருடம் லொறி ஓட்டியவன் நான். சண்டையை நீங்கள் வரைபடத்தில் பார்க்கிறீர்கள், நான் சுமையில் பார்க்கிறேன். சித்திரை வெயிலில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடிக்க மட்டும்தான், குளிப்பெல்லாம் கணக்கில் இல்லை. ஆயிரம் பேருக்கு ஐயாயிரம் லீற்றர், அதாவது ஒரு பௌசர், தண்ணீர்த் தாங்கி லொறி. அங்கே இருந்தது ஆயிரம் பேர் அல்ல, 54ஆவது டிவிஷன், பல ஆயிரம் பேர். தினமும் எத்தனை பௌசர் ஓட வேண்டும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். ஆனையிறவில் எங்கே தோண்டினாலும் உப்புத்தான். நல்ல தண்ணீர் பக்கத்து ஊரான இயக்கச்சியிலிருந்து வந்தது. ஏப்ரல் மூன்றாம் வாரம் இயக்கச்சி கைவிட்டுப் போனது. ஒன்றிரண்டு நாளில் முகாமும் போனது. நாலு வாரமாக வீதி மூடிக் கிடந்தபோது விழாத முகாம், கிணறு போனதும் விழுந்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

இன்னொன்று. குடாரப்பில் இறங்கியவர்களைக் காப்பாற்றியது அவர்கள் துணிவு மட்டுமா? முந்திய டிசம்பரிலேயே வெற்றிலைக்கேணியும் கட்டைக்காடும் இயக்கத்தின் கைக்கு வந்துவிட்டன. அந்தக் கரை இல்லாமல் குடாரப்பு என்றொரு பேச்சே எழுந்திருக்காது. புகழ் முழுவதையும் ஒரே இரவுக்குக் கொடுப்பது பாடப்புத்தகப் பழக்கம்.


இருபத்தொன்று (மாங்குளம்)

நான் பிறந்ததே 2001இல்தான், அதனால் எல்லோரும் என்னை மன்னிக்க வேண்டும். மணற்குன்று சேரிடம் ஒரு கேள்வி: வீதியை மூடினால் முகாம் விழும் என்றால், நாலு வாரம் எதற்கு? ஒரு வாரம் போதாதா?


மணற்குன்று (கிளிநொச்சி)

நல்ல கேள்வி. அதற்கான பதிலே அண்ணைக்கும் பதில்.

வீதி திறந்திருந்தால் இயக்கச்சி போனாலும் முகாம் தாங்கியிருக்கும். வடக்கே கொடிகாமத்திலிருந்து பௌசர் வந்திருக்கும். அண்ணையே அந்த ஓட்டத்துக்கு ஆள் வைத்திருப்பார். இத்தாவில் மூடியதால்தான் ஒரு கிராமத்துக் கிணறுகள் ஒரு டிவிஷனின் உயிராக மாறின. கிணறு என்றைக்கும் அங்கேதான் இருந்தது. அதைத் தொண்டைக்குழியாக ஆக்கியது தரையிறக்கம். முதலில் வீதி, பிறகு கிணறு. இந்த வரிசையை மாற்றிப் போட்டிருந்தால் இரண்டுமே வீணாகியிருக்கும்.

நாலு வாரம் ஏன் என்றால், முகாமில் கையிருப்பு இருந்தது. மேற்கே களப்புக் கரையில் உள்ள கிளாலிப் பக்கமும் முழுதாக அடைபடவில்லை. இராணுவம் கவச வாகனங்களோடு இத்தாவிலை உடைக்க மீண்டும் மீண்டும் வந்தது. யாழ்ப்பாணப் பக்கமிருந்து ஒரு கை, ஆனையிறவுப் பக்கமிருந்து ஒரு கை. நடுவில் இருந்தவர்கள் ஒரு நாள் சறுக்கியிருந்தால், இன்றைக்கு நாங்கள் "குடாரப்புத் தவறு" என்று தலைப்பிட்டு விவாதித்துக்கொண்டிருப்போம்.

வெற்றிலைக்கேணியைப் பற்றி அண்ணை சொன்னது சரி. அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.


பழைய ஏ9 (வவுனியா)

வரிசை என்கிறீர்கள். அது அழகான வாதம், பாதி ஒப்புக்கொள்கிறேன். மற்றப் பாதிக்கு வருவோம்.

கிளாலி ஏன் அடைபடவில்லை?

முகாமில் இருந்தவர்கள் கனரகங்களை விட்டுவிட்டு, அந்த மேற்குக் கரையால்தான் வெளியேறினார்கள். பிரிகேடியர் பேர்சி பெர்னாண்டோ அந்தப் பின்வாங்கலில்தான் இறந்தார். ஆனால் ஆட்களில் பெரும்பகுதி தப்பியது. தப்பியவர்கள் என்ன செய்தார்கள்? வடக்கே போய்த் திரும்பவும் வரிசை கட்டினார்கள். மே மாதம் இயக்கம் சாவகச்சேரி வரை போனது, யாழ்ப்பாண நகரின் வாசல் வரை போனது, அங்கே நின்றது. பாகிஸ்தானிலிருந்து இராணுவத்துக்குப் பல்குழல் பீரங்கிகள் அவசரமாக வந்து இறங்கின. செப்டெம்பரில் சாவகச்சேரி இராணுவத்திடம் திரும்பப் போனது. பிறகு முகமாலையும் நாகர்கோவிலும் வருடக்கணக்கில் எல்லைக் கோடாக இருந்தன.

பிடிக்க வந்தது முகாமையா, யாழ்ப்பாணத்தையா? முகாம் என்றால் வெற்றி. யாழ்ப்பாணம் என்றால் கிளாலியில் விட்ட ஓட்டையால் வெற்றி ஒழுகிப் போய்விட்டது. தளபதியின் திறமையை அவர் பிடித்ததை வைத்து மட்டும் அளக்க முடியாது.


மணற்குன்று (கிளிநொச்சி)

கிளாலியை வேண்டுமென்றே திறந்து விட்டிருக்கலாம். நாலு பக்கமும் அடைத்தால் உள்ளே இருப்பவன் சாகும்வரை சண்டை பிடிப்பான். ஒரு பக்கம் திறந்திருந்தால் அவன் கண் அந்தப் பக்கமே இருக்கும். பழைய போர்முறை நூல்கள் எல்லாம் சொல்லும் விடயம் இது.


பழைய ஏ9 (வவுனியா)

"இருக்கலாம்" என்று நீங்களே எழுதுகிறீர்கள். ஆள் போதாமல் அடைக்க முடியாததை, பின்னர் மதிநுட்பம் என்று சொல்வது எல்லா இராணுவங்களுக்கும் வழக்கம். இத்தாவிலில் இருந்தவர்களே முற்றுகைக்குள் இருந்தார்கள். அங்கிருந்து மேற்கே கிளாலி வரை கையை நீட்ட இன்னும் எத்தனை ஆயிரம் பேர் வேண்டும்? இல்லை. அவ்வளவுதான். இல்லாததை இல்லை என்று சொன்னால் பால்ராஜின் பெயர் குறைந்துவிடாது.

மறுபக்கத்துக்கும் இதே அளவுகோலைப் போடுகிறேன், என்னை ஒரு பக்கம் என்று எழுதிவிடாதீர்கள். 1997 மே 13இல் இராணுவத்தார் வவுனியாவிலிருந்து "ஜெயசிக்குறு" என்று புறப்பட்டார்கள். நோக்கம் என் வீதி, அதாவது ஏ9. தாண்டிக்குளம், ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம் என்று ஒற்றை வீதியைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தார்கள். 1998 செப்டெம்பர் கடைசியில் மாங்குளத்தைத் தொட்ட அதே நாட்களில் வடக்கே கிளிநொச்சியை இழந்தார்கள். டிசம்பரில் கைவிட்டார்கள், 19 மாதம். அடுத்த நவம்பரில் ஒட்டுசுட்டானில் முதல் அடி விழுந்ததும், ஒரு வாரத்துக்குள் அத்தனை நிலமும் போனது. நீளமான வீதி, இரு புறமும் காடு, மெல்லிய காவல். ஒரு முடிச்சை அவிழ்த்தால் முழுக் கயிறும் கையோடு வந்துவிடும். அந்த நாட்களில் நான் உயிலங்குளம் பாதையால் சுற்றி ஓடிக்கொண்டிருந்தேன், டீசல் விலையை நினைத்தால் இப்போதும் நெஞ்சு எரிகிறது.


இருபத்தொன்று (மாங்குளம்)

அப்படியானால் 2009இல் இராணுவம் அந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டுதான் வந்ததா? ஒரே வீதியில் வரவில்லையே. 57, 58, 59 என்று டிவிஷன்கள் பல திசையிலிருந்தும் வந்தன. காட்டுக்குள் எட்டுப் பேர் கொண்ட சிறு அணிகள். ஜனவரி 1 பரந்தன், 2 கிளிநொச்சி, 9 ஆனையிறவு. தெற்கிலிருந்து வந்து எட்டே நாளில்! குடாரப்பு மாதிரி எதுவும் தேவைப்படவில்லை. பரந்தன் சந்தியைப் பிடித்ததும் வடக்கே முகமாலை வரிசையில் நின்றவர்கள் தாங்களாகவே விலக வேண்டியதாயிற்று. சேர் சொன்ன அதே தர்க்கம், ஆனால் இம்முறை மறுபக்கத்தின் கையில்.


மணற்குன்று (கிளிநொச்சி)

இதில் உன்னோடு எனக்குச் சண்டை இல்லை. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள். 2000இல் இயக்கத்துக்குக் கடல் இருந்தது. 2007இல் ஆயுதக் கப்பல்கள் ஆழ்கடலில் மூழ்கடிக்கப்பட்டன. 2004இல் கருணாவோடு இயக்கத்தின் கிழக்கு அணி பிரிந்து போனது. ஆளும் இல்லை, பொருளும் இல்லை என்றான பிறகு எந்தத் தளபதியின் மூளையும் மண்ணணை கட்டுவதோடு நின்றுவிடும்.


பழைய ஏ9 (வவுனியா)

ஆகா! 2009இல் தோற்றதற்குக் காரணம் பொருள் வராதது. 2000இல் இராணுவம் தோற்றதற்குக் காரணம் மட்டும் தளபதியின் மூளையா? தம்பி, தராசின் இரண்டு தட்டையும் ஒரே கையால் பிடியுங்கள்.


மணற்குன்று (கிளிநொச்சி)

பிடித்துவிட்டீர்கள். நாளை காலை வகுப்பு இருக்கிறது, இதற்கு யோசித்துத்தான் எழுத வேண்டும்.


பளைத்தென்னை (விசுவமடு)

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். அண்ணைமார் இருவரும் "இயக்கச்சி கிணறு" என்று எழுதும்போது அது ஏதோ தளபாடப் பட்டியலில் வரும் பொருள் போல இருக்கிறது. நான் பளையில் பிறந்தவள். எங்கள் பக்கம் மணல் நிலம், அதனால்தான் தென்னை. மாரி மழை மணலுக்குள் இறங்கி, கீழே உள்ள உவர்நீருக்கு மேல் ஒரு படலமாக மிதந்து நிற்கும். மெதுவாக அள்ளினால் நல்ல தண்ணீர். ஆசைப்பட்டு இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறிவிடும். என் அப்பா தோட்டத்துக்கு இறைக்கும்போது நேரம் பார்த்து நிறுத்துவார்.

ஆகவே ஏ9 அண்ணை, உங்கள் பௌசர் கணக்கில் ஒன்றைச் சேருங்கள். ஒரு டிவிஷனுக்காக வருடக்கணக்கில் இறைத்த கிணறு, சித்திரையில் என்ன தண்ணீர் தந்திருக்கும்? சித்திரை வருடப் பிறப்பை ஒட்டித்தான் எங்கள் தலைக்கு நேர் மேலே சூரியன் நிற்கும். அந்தக் கிணறுகள் கைமாறுவதற்கு முன்பே பாதி செத்திருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். நாங்கள் சமாதான காலத்தில் திரும்பிப் போனபோது எங்கள் வளவில் தென்னைகளுக்குத் தலை இல்லை, கிணற்றுத் தண்ணீர் கரித்தது. அதற்கு ஷெல் காரணமா, இறைப்புக் காரணமா என்று சொல்ல என் அப்பாவாலும் முடியவில்லை.

கிளாலியை ஓட்டை என்கிறீர்கள். 1993இல் நாங்கள் இரவில் படகேறிக் கடந்த துறை அது. எத்தனை பேர் அந்தத் தண்ணீரில் போனார்கள். அதை வெறும் அம்புக்குறியாக வரையும்போது எனக்குக் கை கூசுகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது நான் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கல்மடுக்குளம். 2009 ஜனவரியில் முன்னேறி வந்த படையை மறிக்க இயக்கம் அதன் அணைக்கட்டை உடைத்தது. படை சில நாள் தாமதித்ததோ என்னவோ, அந்தக் குளத்தை நம்பி விதைத்தவர்களின் வயல் போனது. தண்ணீரைப் பற்றி விவாதிப்பதென்றால் அதையும் விவாதியுங்கள். அது கெட்டித்தனமா, கையறு நிலையா?


மணற்குன்று (கிளிநொச்சி)

கையறு நிலை, அக்கா. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

கிணற்றைப் பற்றி நீங்கள் எழுதியது என் வாதத்தையே கொஞ்சம் அசைக்கிறது. உப்பு முன்பே ஏறியிருந்தால் அண்ணை சொல்வதுதான் கூடுதல் சரி. முகாமின் நாட்கள் முதலிலேயே எண்ணப்பட்டுவிட்டன என்றாகும். ஆனாலும் வீதி திறந்திருந்தால் பௌசர் வந்திருக்கும் என்பதில் நான் நிற்கிறேன்.


பழைய ஏ9 (வவுனியா)

நின்றுகொள்ளுங்கள். நான் கிளாலியில் நிற்கிறேன். தங்கச்சி சொன்ன பிறகு "ஓட்டை" என்ற சொல்லை மட்டும் திரும்பப் பெறுகிறேன்.

மாங்குளத்துத் தம்பி, சனிக்கிழமை சீமெந்து ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் போகிறேன். விடியற்காலை ஐந்து மணிக்கு மாங்குளம் சந்தியில் நின்றால் ஏற்றிக்கொள்வேன். அந்த 1991ஆம் ஆண்டுப் புல்டோசரை ஆனையிறவு வீதியோரத்தில் நினைவுச்சின்னமாக வைத்திருக்கிறார்கள், எல்லோரும் அதன் முன்னால்தான் படம் எடுக்கிறார்கள். நாங்கள் இயக்கச்சியில் இறங்கித் தண்ணீர் குடித்துப் பார்ப்போம்.


பளைத்தென்னை (விசுவமடு)

வீதியோரக் கிணற்றில் குடித்துவிட்டு முடிவு எழுதிவிடாதீர்கள். ஒரு வளவில் இனிக்கும், அடுத்த வளவில் கரிக்கும். உள்ளே போய் இரண்டு மூன்று வீட்டில் கேட்டு வாங்கிக் குடியுங்கள். இந்த மாதம் மழையும் பெய்திருக்கிறது, சித்திரைக்கு அது கணக்காகாது.